வாய் வைத்த நாடா

பெரியநாயகியை ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போன ஆட்டோ, உச்சிப்பொழுது ஆவதற்குள் அவளை ஏற்றிக்கொண்டே திரும்பி வந்துவிட்டது.

இந்திராணி தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தாள். ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாளாகியிருந்தது. குழிக்குள் ஈரம் ஊறிவிட்டால் பட்டு சொன்னபடி கேட்காது. ஆட்டோச் சத்தம் கேட்டு அவள் எழுந்து வருவதற்குள் புருஷன் குமரன் உள்ளே வந்துவிட்டான். அவன் பின்னால் அவன் தங்கை பெரியநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, ஐந்து நாளாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்று அந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதற்காக இந்திராணி கட்டிக்கொடுத்த துணிமூட்டை அவிழ்க்கப்படாமலே திரும்பியிருந்தது.

பிரஷர் ஏறியிருக்கிறதாம், இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்களாம் என்று குமரன் சொன்னான். சொல்லும்போது அவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியநாயகி பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரியநாயகியை வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தார்கள். புருஷன் முனுசாமி லாரி ஓட்டுகிறவன். நாக்பூர், இந்தூர் என்று போனால் மாதம் கழித்துத்தான் வீட்டு வாசலை மிதிப்பான். அவன் இரண்டு வருஷம் இருமி, எலும்பாகி, போன மாசியில் செத்துப்போனான். டி.பி. என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவள் ஒரு டிரங்குப் பெட்டியுடன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. மாமியார் வீட்டில் யாரும் அவளை வழியனுப்பக்கூட வரவில்லை என்பதை இந்திராணி அப்போது மாமியார் குணம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் வந்தது இந்திராணிக்கு ஒரு கை கூடியது போலத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் குமரன் சாதாப் புடவை நெய்தான். இன்னொன்று கோர்வைத் தறி. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருக்கிற புடவையை ஒருத்தர் தனியாக நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். எட்டு மாதமாக இந்திராணியும் நாத்தனாரும் ஒரே குழியில் காலைத் தொங்கவிட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து நெய்தார்கள். வாய் பேசாமலே ஒருத்தி கை நீட்டினால் இன்னொருத்தி நாடாவைத் தள்ளுவாள். பெரியநாயகிக்கு மாதம் பதினைந்து நாள் உதிரப்போக்கு இருந்ததுதான் தொல்லை. அவளால் எழ முடியாத நாட்களில் அந்தத் துணிகளை இந்திராணியே அலசிப் போட்டிருக்கிறாள். கூடப் பிறந்தவளாயிருந்தால் செய்யமாட்டோமா என்று நினைத்துக்கொள்வாள்.

ஆட்டோ திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை, குழாயடியில் எதிர்வீட்டு ரேணுகாம்பாள் அவளைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனாள். ஐம்பது வயதுக்காரி, தெருவில் பிரசவம், சாவு என்றால் முதலில் வந்து நிற்கிறவள். அந்த நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்க்கும் பொம்பளை அவளுக்கு ஒன்றுவிட்ட உறவு.

"உன் நாத்தனாருக்குப் பிரஷர் இல்லடி. ரத்தத்துல அது இருக்குதாம். அதான் கத்தி வைக்க மாட்டேன்னுட்டாங்க."

"எது?"

"அதாம்மா, செவுத்துல எல்லாம் எழுதி வெச்சிருக்கானே. எய்ட்ஸு." ரேணுகாம்பாள் அந்தச் சொல்லை வாயசைவாக மட்டும் சொன்னாள். "உங்க வூட்ல வயசுக்கு வரப்போற பொண்ணு இருக்குது. பாத்துக்க."

இந்திராணி பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். நேராகத் தறியண்டை போய் நின்றாள். பலகை மேல் மூன்று நாடாக்கள் வரிசையாக இருந்தன. கைபட்டு வழுவழுப்பேறிய நாடாக்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கடுகளவு ஓட்டை. உள்ளே இருக்கும் தாரில், அந்தச் சின்னக் குழலில், நூல் தீர்ந்து புதுத் தார் போடும்போது, அந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சினால் இழை வெளியே வரும். ஊசி கொண்டு கோர்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? கைக்கு எது வந்ததோ அதை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். அவள் உறிஞ்சுவாள், இவள் உறிஞ்சுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இருக்கும். எட்டு மாதம்.

அவள் கொல்லைக்குப் போய் உப்பைப் போட்டுக் கொப்பளித்தாள். பிறகு வேப்பங்குச்சியால் தேய்த்தாள். ஈறில் ரத்தம் வந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் தோய்க்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

குமரன் நூல் வாங்கப் போயிருந்தான். மகள் கீர்த்தி பள்ளிக்கூடத்தில். இந்திராணி உள்ளே போய்ப் பாய்க்கு நாலடி தள்ளி நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பெரியநாயகி எழுந்து உட்கார்ந்தாள். என்ன என்று அவள் கேட்கவில்லை.

"அவரு செத்தப்பவே எனக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க அண்ணி."

"தெரிஞ்சேதான் எம்பக்கத்துல வந்து குந்தினியா? எம்பொண்ண மடியில போட்டுக்கினு தலை வாரினியா?"

"சொன்னா இருக்க விடுவீங்களா?" பெரியநாயகியின் குரல் ஏறவில்லை. "அந்த வூட்ல டாக்டருங்க சொன்னாங்க அண்ணி. சொன்ன அன்னிக்கே அவர மாட்டுக் கொட்டாயில கட்டில் போட்டு வெச்சிட்டாங்க. கூட நானும். சோத்த வெளிய வெச்சிட்டு எருமைக்குக் குரல் குடுக்கிற மாதிரி குடுத்துட்டுப் போவாங்க. அவரு போனப்புறம் நாங்க இருந்த எடத்த மண்ணெண்ண ஊத்திக் கொளுத்தினாங்க. நீங்க அப்படிச் செய்யமாட்டீங்கன்னு நெனச்சேன். செஞ்சிடுவீங்களோன்னு பயமாவும் இருந்துது. அதான் சொல்லல."

மண்ணெண்ணெய் ஊற்றினார்கள் என்றதைக் கேட்டபோது இந்திராணிக்கு இரக்கம் வரவில்லை. அப்படிச் செய்தால்தான் போகும் போலிருக்கிறது என்று தோன்றியது. அதை நினைத்துப் பின்னாளில் அவள் பலதடவை வெட்கப்பட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே கீர்த்தியைத் திருப்புட்குழியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பரீட்சை நெருங்குகிறதே என்று பெண் அழுததற்கு, அத்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பொய் சொன்னாள். பேருந்து நிலையத்தில் கீர்த்தி கட்டிப்பிடித்துக்கொள்ள வந்தபோது இந்திராணி பையைக் குறுக்கே நீட்டினாள்.

குமரனுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். தங்கையை என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. தெரியாததை அவன் பேசாமல் இருந்து கடத்தினான். ஆளை அனுப்பு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. கொல்லையில் விறகு போடும் சாய்ப்பைத் துடைத்து, அங்கே ஒரு பல்பு மட்டும் மாட்டிக்கொடுத்தான். பெரியநாயகி தானாகவே பாயை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர் அவளுக்கென்று ஒதுங்கின. அவள் கக்கூசுக்குப் போய்வந்தால் இந்திராணி பின்னாலேயே பினாயில் ஊற்றினாள். குழியில் கொசு அப்பும்; அவளைக் கடித்த கொசுதானே தன்னையும் கடித்திருக்கும் என்று நினைத்துப் படுக்கையறையில் புகைமூட்டம் போட்டு மூச்சுமுட்ட வைத்தாள். கோர்வைத் தறியில் பாதிப் புடவை அப்படியே நின்றது. இந்திராணி அதன்மேல் ஒரு பழைய வேட்டியை எடுத்துப் போர்த்தினாள். மூடிய தறியைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

தெருவுக்கும் விஷயம் பரவி முடிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. குழாயடியில் இவள் குடம் வைத்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் குடம் ஓரடி நகரும், அவ்வளவுதான். காமாட்சியம்மன் கோயில் பிரசாதம் எதிர்வீட்டிலிருந்து வருவது நின்றது. மளிகைக்கடைக்காரன் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தான். தாங்கள் பெரியநாயகிக்குச் செய்கிறதை ஊர் தங்களுக்குச் செய்கிறது என்று இந்திராணிக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லாம் அவளால் வந்தது என்ற கோபம்தான் வந்தது.

கார்த்திகை பிறந்து மழை விட்டது. குமரனின் தறிக்கு நெடுக்கிழையாகப் புதுப் பாவு வந்திருந்தது. மூன்று புடவைக்கான பாவு, அறுபதடி நீளம். அதைத் தெருவில் நீட்டி இரண்டு முனையிலும் கழி கட்டி இழுத்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து சுருட்டினால்தான் தறியில் ஏற்றலாம். அதற்குப் பத்துப் பேராவது வேண்டும். கூலி கிடையாது, இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு என்று தெருவே வந்து நிற்கும். குமரன் முந்தின நாள் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தான். விடிந்ததும் கழி நட்டுவிட்டு நின்றான். வெயில் ஏறியது. ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

கடைசியில் தெருப் பெரியவர் வேலாயுதம் மட்டும் வந்தார். தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, பாவிலிருந்து சற்று எட்டவே நின்றார்.

"குமரா, உம்மேல யாருக்கும் கோவம் இல்லபா. ஒரு பாவ பத்துப் பேரு தொடுறாங்க. இழை அறுந்தா எச்சிலத் தொட்டுத்தான் முறுக்குறோம். எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்குது. பட்டணத்துல இந்த மாதிரி ஆளுங்கள சேத்துக்கிற எடம் இருக்குதாம். நல்லபடியா கொண்டுபோய் வுட்டுட்டு வா. மறுநாளே நானே வந்து கழி புடிக்கிறேன்."

குமரன் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டான். அன்று பகல் முழுக்க அவன் சாப்பிடவில்லை. கொல்லைச் சாய்ப்பிலிருந்து பெரியநாயகி எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

அந்த வாரத்தில்தான் இந்திராணிக்கு வாயில் புண் வந்தது. உதட்டின் உள்பக்கம் இரண்டு, நாக்கின் ஓரத்தில் ஒன்று. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்றது. இடுப்பில் பாவாடை நாடா முன்பைவிட உள்ளே போய் முடிச்சு விழுந்தது. பயத்தில் சோறு இறங்காதவளுக்கு உடம்பு இளைக்காமல் என்ன செய்யும்? ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை. முனுசாமியும் இப்படித்தான் இளைத்தான் என்று நினைத்தாள். குமரனிடம் சொல்லவில்லை. சமையல்கட்டு அலமாரியில் தனக்கென்று ஒரு டம்ளரை ஓரமாக வைத்துக்கொண்டாள். கழுவுவதற்கும் தனியாகவே எடுத்துப் போவாள். திருப்புட்குழிக்குப் பெண்ணைப் பார்க்கப் போன குமரனுடன் அவள் போகவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, அக்கா முறையுள்ள ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாத ஊராக இருக்கட்டும் என்று செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதற்கு முன் பேசி அனுப்புகிறவர் என்று ஒருத்தர் இருந்தார். பெயர் யேசுதாஸ். காதோரம் நரைத்தவர். எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார். நாடாவால் என்று அவள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அவள் மேஜைமேல் இருந்த பேனா மூடியை எடுத்து, அதன் ஓட்டையைக் காட்டி, இப்படி வாய் வைத்து இப்படி இழுப்போம் என்று செய்து காட்டினாள். அவர் அந்த மூடியை வாங்கி, தானும் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார். தன் வாய் பட்டதை அந்த மனுஷன் கூசாமல் வாயில் வைத்ததும் இந்திராணி பதறி எழுந்துவிட்டாள்.

"குந்துமா," என்றார் அவர். "எச்சில்ல வராது. தட்டுல, டம்ளர்ல, கக்கூஸ்ல, கொசுவுல ஒண்ணுலயும் வராது."

"ஈறுல ரத்தம் வந்திருந்தா?"

அவர் மூடியைப் பேனாவில் மாட்டினார். "இத்தன வருசத்துல அப்படி வந்துதுன்னு ஒரு ஆள நான் பாத்ததில்லமா," என்றார்.

"அவ துணிய தோச்சிருக்கிறேன். ரத்தத் துணி."

"கையில வெட்டுக் காயம் எதுனா இருந்துதா?"

"இல்ல."

"அப்ப பயமில்ல. காயம் இருந்தா கையில கவர் மாட்டிக்கினு தோய்க்கணும், அவ்ளோதான்." பிறகு தாளைப் பார்த்தபடியே, வீட்டுக்காரர் என்ன வேலை, வெளியூர் போய்த் தங்குகிறவரா என்று கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. எதற்கு என்றாள். பொம்பளைகளுக்குப் பெரும்பாலும் புருஷன் மூலமாகத்தான் வருகிறது, எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்கு அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள்.

நாடாவைப் பற்றிய பயம் பாதி குறைந்த இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. குமரன் வருஷத்துக்கு இரண்டு தடவை நூல் கொடுக்கும் முதலாளியோடு பெங்களூருக்குப் புடவை கொண்டுபோவான். நாலு நாள், ஐந்து நாள் தங்குவான். பதினாலு வருஷத்தில் அவள் அதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அவன் சட்டையை மாட்டும்போது, தலை துவட்டும்போது, முதுகைத் திருப்பி நடக்கும்போது உற்று உற்றுப் பார்த்தாள். கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவன் இல்லை என்று சொன்னால் நம்புவதா? ஆமாம் என்றால்? தட்டையும் டம்ளரையும் பினாயில் போட்டுக் கழுவலாம். பதினாலு வருஷத்தை எதைப் போட்டுக் கழுவுவது? அவள் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போனாள்.

புதன்கிழமை மத்தியானம் பெரியநாயகி தன் தட்டைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டு வாசல்வரை வந்தாள். உள்ளே வருவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். இந்திராணி அலமாரி ஓரத்திலிருந்து டம்ளரை எடுத்து, தண்ணீர் குடித்து, தனியாகக் கழுவி அதே ஓரத்தில் கவிழ்த்தாள். பெரியநாயகி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது யாருதுண்ணி?"

இந்திராணி டம்ளரை இன்னும் ஓரமாகத் தள்ளினாள்.

"எவ்ளோ நாளா தனியா வெச்சிக்கினு இருக்கீங்க?"

அவ்வளவுதான், இந்திராணிக்கு அடைத்து வைத்ததெல்லாம் உடைந்துகொண்டது. அடுப்பண்டையே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாய்ப்புண், காய்ச்சல், செங்கல்பட்டு, நாளைக்கு முடிவு எல்லாவற்றையும் சொன்னாள். குமரனைப் பற்றி நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. பெரியநாயகி வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே குந்திக் கேட்டாள். "தனியா போவாதீங்க. அந்தச் சீட்ட தனியா நின்னு வாங்கக் கூடாது. நான் அப்படித்தான் வாங்கினேன்," என்றாள்.

வியாழக்கிழமை இருவரும் போனார்கள். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு தோளோடு தோள் பட்டது. பெரியநாயகியின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அது என்ன என்று இந்திராணி கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை.

யேசுதாஸ் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. வாய்ப்புண்ணுக்கு மாத்திரை எழுதித் தருவார்கள், வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிட வேண்டும் என்றார். இந்திராணியின் உடம்பு பூராவும் ஒரு துள்ளல் ஓடியது. கீர்த்தியை இன்றைக்கே போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று மனம் பறந்தது. முகம் மலர்ந்து திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் பெரியநாயகி இருந்தாள். அந்த மலர்ச்சியை அவள் முழுசாகப் பார்த்துவிட்டாள். பார்த்து, சிரிக்கவும் செய்தாள். இந்திராணிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பெரியநாயகியின் பழைய சீட்டை யேசுதாஸ் வாங்கிப் பார்த்தார். கட்டிக்கு இங்கேயே ஆபரேஷன் செய்வார்கள், எவனும் மாட்டேன் என்று சொல்லமுடியாது, தையில் வந்து சேருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வருகிற வருஷம் தாம்பரத்தில் மருந்து இனாமாகக் கொடுக்கப்போவதாகப் பேச்சிருக்கிறது, பெயரைப் பதிந்து வையுங்கள் என்றும் சொன்னார்.

பஸ் நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. இந்திராணி படியில் கால் வைத்தபோது பெரியநாயகி பின்னால் வரவில்லை.

"நீங்க போங்க அண்ணி. நான் தாம்பரம் பஸ் ஏறிக்கிறேன். அங்க சேத்துக்கிற எடம் ஒண்ணு இருக்குதாம். அட்ரஸ் வாங்கி வெச்சிருக்கிறேன்." துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அண்ணன் பாவு அப்படியே கெடக்குது. நான் இருந்தா அத யாரும் தொடமாட்டாங்க. கீர்த்திய கூட்டியாந்துடுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தான். பின்னால் இருந்தவர்கள் ஏறு ஏறு என்று நெட்டினார்கள். இந்திராணி ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பெரியநாயகி ஒரு தூணோரம் நின்றாள். பஸ் திரும்பியதும் மறைந்துபோனாள்.

இந்திராணி நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதிதான். சண்டையில்லாமல், யாரும் யாரையும் போ என்று சொல்லாமல் முடிந்துவிட்டதே என்ற நிம்மதி. அவளாகத்தானே போனாள் என்று தனக்குத்தானே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். குமரனிடமும் தெருவிடமும் அதைத்தான் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரை ஊர்களெல்லாம் ஜன்னலில் ஓடின.

வாலாஜாபாத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ரைஸ் மில்லிலிருந்து வெந்த நெல்லின் வாசனை வந்தது. அந்த மில்லைத் தாண்டி மூன்றாவது தெருவில்தான் பெரியநாயகி வாழப்போன வீடு. கல்யாணத்துக்கு மறுநாள் சீர்வரிசைத் தட்டோடு இந்திராணிதான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தாள். அந்த வீட்டு மாட்டுக் கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது. அங்கேயும் யாரும் அவளைப் போ என்று சொல்லியிருக்கமாட்டார்கள். இவளாகத்தான் பெட்டியைத் தூக்கியிருப்பாள்.

பஸ் நகர்ந்துவிட்டது. இந்திராணி எழுந்து, நிறுத்துங்கள், இறங்க வேண்டும் என்றாள். காஞ்சிபுரத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு இங்கே என்ன இறக்கம் என்று கண்டக்டர் திட்டினான். அவள் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, செங்கல்பட்டு வண்டிக்காக அரைமணி நேரம் வெயிலில் நின்றாள். ஏறினபிறகு அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. தாம்பரத்துக்குப் பத்து நிமிஷத்துக்கொரு பஸ். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள். அந்த இடத்தின் பெயரைக்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லையே என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பெரியநாயகி அதே தூணடியில், தரையில் குந்தியிருந்தாள். பை மடியில் இருந்தது. ஆளைப் பார்த்ததும் கனவு கண்டவள் மாதிரி விழித்தாள்.

"இன்னும் போவலியா?" என்று இந்திராணி மூச்சிரைக்கக் கேட்டாள்.

"பத்துப் பன்னெண்டு பஸ்ஸு போயிடுச்சுண்ணி. ஏறத்தான் வரல."

இந்திராணி குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். மண்ணை உதறிவிட்டாள். நான் உன்னை அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. "எழுந்திரு. சோத்து நேரம் தாண்டிப்போச்சு. எதுனா வாங்கித் துன்னுட்டுப் போலாம்," என்றாள். எதிர்க்கடையில் ஒரே இலையில் வாங்கிய நாலு இட்லியை இருவரும் பிட்டுத் தின்றார்கள். முதல் விள்ளலை எடுக்கும்போது இந்திராணியின் கை இலைக்கு மேல் நின்று, பிறகுதான் இறங்கியது. பெரியநாயகி அதைப் பார்க்காததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்திராணி குமரனிடம் எங்கே போனேன், என்ன முடிவு வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பெங்களூர்ப் பயணங்களைப் பற்றி யோசித்ததையும் சொல்லிவிட்டாள். "எங்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றான். பிறகு, "கேட்டிருந்தா நானும் கோவப்பட்டிருப்பேன்," என்றான். சாய்ப்பில் மாட்டிய பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மறுபடியும் தெருவில் கழி நட்டார்கள். இந்தத் தடவை குமரன் யாரையும் அழைக்கவில்லை. அவன், இந்திராணி, பெரியநாயகி, திருப்புட்குழியிலிருந்து வந்துவிட்ட கீர்த்தி, நாலே பேர். பாவை ஒரேயடியாக நீட்டப் பலம் போதாமல் பாதி பாதியாக நீட்டினார்கள். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை தொய்ந்தது. நடுவில் பிடிக்க ஆளில்லாமல் இழைகள் ஒன்றோடொன்று சிக்கின. பத்துப் பேர் ஒரு மணி நேரத்தில் செய்கிற வேலை, மூன்று மணி நேரமாகியும் பாதிகூட முடியவில்லை. வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்தது. கஞ்சி காய்ந்தால் பட்டு முறுகிவிடும். வேலாயுதம் கோயிலுக்குப் போகிறவர்போல் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். வாசல்களிலும் ஜன்னல்களிலும் முகங்கள் தெரிந்தன.

இழை மொத்தமாக ஓரிடத்தில் இறங்கியபோது பெரியநாயகி தாங்கிப் பிடிக்க ஓடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீர்த்தி அத்தை என்று ஓடினாள். இந்திராணி முனையை விட முடியாமல் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ரேணுகாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாவின் நடுவில் வந்து நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "இப்ப இழுபா குமரா," என்றாள். பிறகு அறுந்த இழை ஒன்றை எடுத்தாள். வழக்கம்போல் விரலை வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி, கஞ்சித் தண்ணீரில் தொட்டு முறுக்கினாள்.

பாவுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது வழக்கம். இந்திராணி போட்டுக்கொண்டு வந்தாள். குமரன் குடித்தான், கீர்த்தி குடித்தாள், திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியநாயகி குடித்தாள். ரேணுகாம்பாளின் டம்ளரை இந்திராணி அவள் காலடியில் வைத்தாள். அந்த அம்மாள் அதை ஒருமுறை பார்த்தாள். தொடவில்லை. காப்பி ஆறி ஆடை படிந்து, அதில் தூசியும் விழுந்தது.

பாவு சுருட்டி முடிய மத்தியானம் ஒரு மணி ஆயிற்று. அதுவரை ரேணுகாம்பாள் பிடித்த இழையை விட்டு நகரவில்லை.